மேகத்தில் வைத்த பொருள்

மேகத்தைத் தூது விடுவது நம் நாட்டுக் கவிகளுக்கு மிகவும் உவப்பான காரியம். காளிதாஸ மகாகவி அதைக் கொண்டு ஒரு காவியமே செய்துவிட்டார். தமிழிலும் மேகவிடு தூதுகள் உண்டு. ஆனால் கலியாண போட்டோக்களையும், வீட்டுப் பத்திரத்தின் நகலையும், பையனுடைய மார்க் பட்டியலையும் மேகத்தினிடம் ஒப்படைக்கலாம் என்று அந்தக் கவிகள் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள். இன்று நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

'கிளவுட்' என்று சொல்லப்படும் இந்த மேகம் ஆகாயத்தில் இல்லை. பெரிய கட்டடங்களுக்குள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் பிறருடைய கம்ப்யூட்டர்களுக்குத்தான் இந்த அழகிய பெயர். 2008-ல் டிராப்பாக்ஸ், 2011-ல் ஐகிளவுட், 2012-ல் கூகுள் டிரைவ் என்று வரிசையாக வந்தன. மைக்ரோஸாப்டின் ஸ்கைடிரைவ் 2014-ல் ஒன்டிரைவ் என்று பெயர் மாறிற்று. இப்போது இவற்றில் ஒன்றாவது இல்லாத படித்த குடும்பத்தைக் காண்பது அரிது.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற உபாத்தியாயர் ஒருவர் இருக்கிறார். காலஞ்சென்ற மனைவியின் போட்டோக்களையெல்லாம் கம்ப்யூட்டரில் பத்திரமாக வைத்திருந்தார். அவற்றை மேகத்தோடும் இணைத்திருந்தார். ஒரு நாள் கம்ப்யூட்டர், "இடம் போதவில்லை" என்று முறையிட்டது. பேரன் வந்து பார்த்தான். "எல்லாம் மேகத்தில் இருக்கிறது, தாத்தா! இங்கே இருப்பதை அழித்துவிட்டால் இடம் கிடைக்கும்" என்றான், அழித்தும் விட்டான். சில நாள் கழித்துக் கிழவர் தம் டெலிபோனில் அந்தப் படங்களைத் தேடினார். ஒன்றுகூட இல்லை.

அவர் என்னிடம் வந்து கேட்ட கேள்வி இதுதான்: "இரண்டு இடத்தில் வைத்திருந்தேனே, ஸார்! ஓரிடத்தில் அழித்தால் இன்னோரிடத்தில் எப்படிப் போகும்?"

நியாயமான கேள்வி. அதற்கு விடை தெரிந்தால் அநேக குடும்பங்கள் பிழைக்கும். இரண்டு இடத்தில் தோன்றினாலும் அவை இரண்டு பிரதிகள் அல்ல. ஒரு பொருளும் கண்ணாடியில் அதன் பிம்பமும் போன்றவை. 'ஸிங்க்' என்ற ஏற்பாட்டின் வேலையே எல்லா இடங்களையும் ஒன்றுபோல் வைத்திருப்பதுதான். நீங்கள் ஒரு வரியைத் திருத்தினால் அந்தத் திருத்தத்தைச் சுமந்து செல்கிறது. ஒரு படத்தை அழித்தால் அந்த அழிவையும் அதே விசுவாசத்தோடு சுமந்து செல்கிறது. "இது இடத்துக்காக அழித்ததா, வேண்டாமென்று அழித்ததா?" என்று அது கேட்பதில்லை. தூது போகிறவனுக்கு அந்தக் கவலை ஏது?

இது இரு திசையிலும் நடக்கும். மேகத்திலும் இடம் அளவுதான். காசில்லாமல் ஒன்டிரைவும் ஐகிளவுடும் கொடுப்பது 5 ஜிபி, கூகுள் கொடுப்பது 15 ஜிபி. அது நிரம்பியதும் சிலர், "வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறதே!" என்று மேகத்தில் அழிக்கிறார்கள். இணைந்த கம்ப்யூட்டரிலும் அது மறைந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் அப்போது அணைந்திருந்தாலும் தப்பில்லை. மறுபடி இன்டர்நெட்டோடு சேர்ந்ததும் கட்டளை நிறைவேறும். பல விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் என்ற பகுதிகளே ஒன்டிரைவோடு இணைந்திருப்பதால், தாம் மேகத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதே சிலருக்குத் தெரிவதில்லை.

அப்படியானால் இடம் வேண்டுமென்றால் என்ன செய்வது? அழிக்காமலே உபாயம் இருக்கிறது. 2017 முதல் விண்டோஸில், பைலின் பெயரை மட்டும் இங்கே வைத்துக்கொண்டு உடலை மேகத்தில் விட்டுவைக்கும் வசதி வந்திருக்கிறது. ஒன்டிரைவ் பைலின் மேல் மௌஸின் வலப்பக்கத்தை அமுக்கினால் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று ஒரு வார்த்தை தெரியும். அதைத் தொட்டால் இடம் காலியாகும், பைல் அழியாது. பக்கத்தில் சிறு மேகச் சித்திரம் இருந்தால், பெயர்தான் இங்கே இருக்கிறது, பொருள் அங்கே என்று அறிக. ஆப்பிள் கம்ப்யூட்டரில் இதற்கு 'ரிமூவ் டவுன்லோட்' என்று பெயர். 'டெலீட்' என்பது வேறு, இவை வேறு. இந்த வித்தியாசத்தில்தான் சர்வமும் அடங்கியிருக்கிறது.

தவறி அழிந்துவிட்டால் உடனே மனமுடைய வேண்டாம். மேகத்திலும் குப்பைத் தொட்டி உண்டு. ஒன்டிரைவின் சொந்தக் கணக்கிலும், கூகுள் டிரைவிலும், ஐகிளவுட் டிரைவிலும் அழித்த பைல் 30 நாள் அதில் கிடக்கும். ஆனால் மேகச் சித்திரமுள்ள பைலை அழித்தால், அது உங்கள் கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டிக்கு வராது. மேகத்தின் தொட்டியில்தான் தேடவேண்டும். உபாத்தியாயர் என்னிடம் வந்தது 12-ஆம் நாள். அந்த ஸ்தாபனத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து தொட்டியைப் பார்த்தோம். எல்லாப் படங்களும் இருந்தன. அடுத்த மாதம் வந்திருந்தால், ஆறுதல் சொல்வதைத் தவிர என்னால் வேறொன்றும் செய்ய முடிந்திராது.

மேகத்தை நான் பழிக்கவில்லை. வீட்டில் வெள்ளம் புகுந்தாலும், கம்ப்யூட்டர் களவு போனாலும், அங்கே வைத்த பொருள் பிழைத்திருக்கும். ஆனால் நம் உடைமை பிறர் கையில் மட்டும் இருப்பது எவ்வளவு அபாயம் என்பதை நம் தேசம் பெரிய விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. மகாமகோபாத்தியாய சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல இடங்களிலிருந்து கிடைத்த ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரு வீட்டு ஏட்டைக் கரையான் அரித்தால், மற்றொரு வீட்டு ஏடும் தானே உதிர்ந்துவிடவில்லை. ஒன்றின் கதி மற்றொன்றைத் தொடாமல் இருப்பதுதான் பிரதி.

ஆகையால், உயிருக்கு உயிரான படங்களையும் பத்திரங்களையும் மேகத்தோடு சம்பந்தமில்லாத தனி டிஸ்க் ஒன்றில் எடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, பீரோவில் வைத்துவிடுங்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை புதியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உபாத்தியாயர் வீட்டில் இப்போது அந்த வேலை பேரனுடையது.