மௌனம் என்று எழுதப்பட்ட காட்சி

ஹைதராபாத்தில் திரைப்பட ஒலி குறித்து முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த தமிழ் மாணவி ஒருவர், தம் ஆய்வேட்டின் நான்காம் இயலை ஒரே ஒரு வாக்கியத்தின்மீது கட்டியிருந்தார். அவர் எடுத்துக்கொண்ட மலையாளப் படம் ஒன்றில், தாயின் மரணச் செய்தி வீட்டை வந்தடைவதற்குச் சற்று முன்பு 40 நொடிகள் நீளும் ஒரு காட்சி உண்டு. கூடம், ஒரு நாற்காலி, திறந்திருக்கும் சன்னல். யாரும் பேசுவதில்லை. “இந்த 40 நொடிகளில் இயக்குநர் ஒலியை முற்றிலும் துறக்கிறார்” என்று அவர் எழுதினார். அந்தத் துறவிலிருந்து 28 பக்கங்கள் கிளைத்தன. மௌனத்தின் அழகியல் குறித்தும் துயரத்தின் சொல்லின்மை குறித்தும் அவை விரித்துரைத்தன. நெறியாளர் அந்த இயலைப் பாராட்டினார். கருத்தரங்கு ஒன்றில் அது வாசிக்கவும்பட்டது.

அந்த வாக்கியம் தவறானது. அதை அவர் அறிந்துகொண்டது நூலகத்தில் அன்று. தார்நாக்காவில், ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவரின் வீட்டில்.

பேராசிரியருக்கு வயது 74. தெலுங்கர். அதிர்வெண் வரைபடங்களைப் படிக்கக் கற்றுக்கொள்வதற்காக நெறியாளர்தாம் மாணவியை அவரிடம் அனுப்பியிருந்தார். அவருடைய வீட்டின் பின்னறை, 14 அடிக்கு 11 அடி, ஒரு சிறு திரையரங்காக மாற்றப்பட்டிருந்தது. முன்னே மூன்று ஒலிபெருக்கிகள், பக்கங்களில் இரண்டு, மூலையில் ஒரு சப்-ஊஃபர், கூரையில் நான்கு. பக்கச் சுவர்களில் எதிரொலியை அடக்கக் கனத்த திரைச்சீலைகள். பின்சுவர் முழுவதும் புத்தக அலமாரி. அதன் கீழ்த் தட்டுகளில் டி.வி.டி.க்களும் புளூ-ரே தகடுகளுமாக முந்நூறுக்கும் மேற்பட்டவை.

அந்தப் படத்தின் தகடு அவரிடம் இருந்தது. குறிப்பிட்ட காட்சி வந்தபோது அலமாரியின் கண்ணாடிக் கதவு மெல்ல நடுங்கத் தொடங்கியது. “என்ன கேட்கிறது?” என்றார் பேராசிரியர். “ஒன்றும் கேட்கவில்லை, சார்” என்றார் மாணவி. ஓராண்டாக மௌனம் என்றே எழுதிவந்த காட்சியில் வேறெதுவும் கேட்க அவருடைய மனம் ஒப்பவில்லை. “அப்படியென்றால் கதவு ஏன் நடுங்குகிறது, அம்மா?” என்றார் அவர்.

இரண்டாம் முறை போட்டபோது மாணவிக்கும் அது எட்டியது. காதுக்கு முன் நெஞ்சுக்கூட்டுக்கு எட்டியது. ஏறத்தாழ 30 ஹெர்ட்ஸ் அளவிலான ஒரு தாழ்ந்த முரல்வு. காட்சி தொடங்கும்போது இல்லாதது போலிருந்து, செய்தி வரும் நொடிவரை மெல்ல வளர்ந்து, கதவு தட்டப்படும்போது சட்டென அறுபடுகிறது. இயக்குநர் ஒலியைத் துறக்கவில்லை. செவி ஐயுறும் எல்லையில் அதைக் கொண்டுபோய் வைத்திருந்தார்.

ஓராண்டுக் காலம் அது ஏன் கேட்கவில்லை? காரணம் மிக எளியது. 5.1 என்னும் அமைப்பில் ஐந்து தடங்கள் முழு வீச்சுடையவை. புள்ளிக்குப் பின்வரும் ஒன்று, சுமார் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட தாழ்ந்த ஒலிகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஆறாவது தடம். இந்த ஆறையும் இரண்டு தடங்களாகக் குறுக்கும்போது பக்க ஒலிகள் அளவு குறைக்கப்பட்டு இடவலமாகச் சேர்க்கப்படுகின்றன. ஆறாவது தடமோ பொதுவாகக் கைவிடப்படுகிறது. சிறிய ஒலிபெருக்கிகளால் அதைத் தாங்க இயலாது என்பதே அதற்குக் காரணம். மாணவி படத்தைப் பார்த்தது மடிக்கணினியில், ஓர் ஓ.டி.டி. தளத்தில். ஐயம் தெளிய அதே தளத்தைப் பேராசிரியரின் கருவியிலும் ஓட்டிப் பார்த்தார்கள். அங்கு அந்தப் படத்துக்கு இரு தட ஒலி மட்டுமே இருந்தது. அலமாரிக் கதவு அசையவில்லை. பத்து ஒலிபெருக்கிகள் இருந்தும் பயனில்லை. அனுப்பப்படாத ஒலியை எந்த அறையும் எழுப்பித் தராது.

இந்த நிகழ்ச்சிக்குப் பின் மாணவி ஒலியமைப்புகளின் வரலாற்றை முறையாகப் படிக்கத் தொடங்கினார். 1992இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்துடன் டால்பி டிஜிட்டலும், 1993இல் ‘ஜுராசிக் பார்க்’ படத்துடன் டி.டி.எஸ்.ஸும் திரையரங்குக்கு வந்தன. அவை இரண்டிலும் ஒலி ‘தடங்களாக’ அமைந்திருந்தது. எந்த ஒலி எந்த ஒலிபெருக்கியில் எழ வேண்டும் என்பது கலவைக்கூடத்திலேயே முடிவாகிவிடும். 2012இல் ‘பிரேவ்’ படத்துடன் வந்த டால்பி அட்மாஸ் இந்த ஏற்பாட்டை மாற்றியது. அதில் ஒலி ஒரு ‘பொருளாக’ எழுதப்படுகிறது. பறவையின் கூவலோடு, அது வெளியில் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு நகர்கிறது என்ற குறிப்பும் சேர்ந்து பயணிக்கிறது. அரங்கில் எத்தனை ஒலிபெருக்கிகள் உள்ளன என்பதைப் பார்த்து, அந்தக் குறிப்பைக் கருவி அங்கேயே ஒலியாக்குகிறது. திரையரங்கில் 128 தடங்கள் வரையும் 64 ஒலிபெருக்கி வழிகள் வரையும் அது செல்லும். அதே ஆண்டின் இறுதியில் ‘சிவாஜி’ படத்தின் முப்பரிமாண வடிவத்தின் வழி அட்மாஸ் இந்தியப் படவுலகுக்கு வந்தது. 2013இல் ‘விஸ்வரூபம்’ பெல்ஜியத்தில் பிறந்த ஆரோ 3டி அமைப்பைக் கொண்டுவந்தது. வீட்டுக்கு அட்மாஸ் 2014இலும் டி.டி.எஸ்:எக்ஸ் 2015இலும் வந்து சேர்ந்தன.

வீட்டுக்கு வரும்போது ஒலி சுருங்குகிறது. அரங்குக்கென எழுதப்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட ஒலிப்பொருள்கள், அருகருகே உள்ளவை ஒன்றாக்கப்பட்டு, அதிகபட்சம் 16 தொகுதிகளாகின்றன. புளூ-ரே தகட்டில் அவை டால்பி ட்ரூஎச்டி என்னும் இழப்பற்ற முறையில் பதிவாகின்றன. விரித்தால் கலவைக்கூடத்தில் தரப்பட்ட எண்கள் ஒன்றுகூடக் குறையாமல் மீளும். இணையவழியில் வரும் அட்மாஸ் இழப்புள்ள சுருக்கம். செவி தவறவிடக்கூடியவை என்று கணிக்கப்படுபவை அதில் நீக்கப்படும். நொடிக்கு 768 கிலோபிட்டை அது தாண்டுவது அரிது. 1982இல் வந்த சாதாரண இசைக் குறுந்தகட்டின் இரண்டு தடங்களுக்கே நொடிக்கு 1,411 கிலோபிட் செலவாகிறது என்பதை இதனுடன் ஒப்பிடலாம்.

இந்த எண்களைக் கண்டதும் மாணவிக்குத் தகட்டின்மீது பக்திபோல ஒன்று எழுந்தது. அதையும் கலைத்தவர் பேராசிரியர்தாம். தகட்டிலும் தளத்திலும் அட்மாஸ் ஒலியுடன் கிடைக்கும் வேறொரு படத்தை எடுத்தார்கள். முதலில் கேட்டபோது தகடு தெளிவாக வென்றது. உரையாடல் கூர்மையாகவும் மழை அகலமாகவும் இருந்தன. பேராசிரியர் ஒலியளவுமானியை எடுத்துக் காட்டினார். தகட்டின் ஒலி சுமார் 4 டெசிபல் உரத்திருந்தது. இரண்டையும் சம அளவுக்குக் கொண்டுவந்து, எது எதுவென்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டார். பத்து முறையில் ஆறு முறை மாணவி சரியாகச் சொன்னார். நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் அந்த எண்ணிக்கை கிடைத்திருக்கக்கூடும். உரத்தது உயர்ந்ததாகத் தோன்றுவது செவியின் பழைய பலவீனம். தகட்டுக்கும் தளத்துக்கும் இடையே சொல்லப்படும் வேறுபாடுகளில் ஒரு பகுதி இந்தப் பலவீனத்திலிருந்து பிறக்கிறது. இன்னொரு பகுதி, இரவில் அக்கம்பக்கத்தாருக்காக உரத்ததைத் தணித்து மெல்லியதை உயர்த்தும் அமைப்பு கருவியில் தெரியாமல் இயங்கிக்கொண்டிருப்பதிலிருந்து பிறக்கிறது. எண்களின் இடைவெளி மெய். செவியின் இடைவெளி அவ்வளவு பெரியதன்று.

அப்படியானால் கூரையில் எதற்கு நான்கு ஒலிபெருக்கிகள்? இந்தக் கேள்விக்கான விடையை மாணவி கேட்காமலே பெற்றார். ஒரு மாலை, மழைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கையில் பேராசிரியர் அவரை நடு நாற்காலியில் அமரச் சொல்லிவிட்டு, “மேலிருந்து பெய்கிறதா?” என்று கேட்டார். பெய்தது. தலைக்கு மேல், சற்றுப் பின்னால், ஓட்டுக்கூரையில் விழுவதுபோலத் துல்லியமாகப் பெய்தது. “நல்லது. எனக்கு இப்போது அது முன்னாலிருந்துதான் வருகிறது” என்றார் அவர்.

இடவலத்தை நாம் அறிவது இரு செவிகளுக்கிடையேயான காலவேறுபாட்டாலும் அளவுவேறுபாட்டாலும். அந்தக் காலவேறுபாடு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மேல்கீழை அறிவதற்கு அது உதவாது. நேர் மேலிருந்து வரும் ஒலி இரு செவிகளையும் ஒரே நேரத்தில் அடைகிறது. அங்கே துணைசெய்வது காதுமடலின் மடிப்புகள். வரும் திசைக்கேற்ப அவை உயர்ந்த அதிர்வெண்களில் சிலவற்றைக் கூட்டியும் சிலவற்றைக் குறைத்தும் அனுப்புகின்றன. இந்த அடையாளங்களில் பெரும்பகுதி 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது. முதுமை முதலில் கவர்ந்துகொள்வதும் அந்த உயர்ந்த அதிர்வெண்களைத்தான். ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து கூரையில் நான்கு ஒலிபெருக்கிகளைப் பொருத்திய மனிதருக்கு உயரம் கேட்பது நின்றுபோயிருந்தது. தாழ்ந்த ஒலிகள் அவரிடம் எஞ்சியிருந்தன. அதனால்தான் மாணவி தவறவிட்ட முரல்வை அவர் முதல் முறையிலேயே கேட்டார்.

மாணவியின் உதவித்தொகைக் காலம் முடிய அப்போது நான்கு மாதங்களே இருந்தன. அந்த இயலை அப்படியே சமர்ப்பித்திருந்தால் எவரும் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள். தேர்வாளர்களும் அநேகமாக மடிக்கணினியில்தான் பார்ப்பார்கள். அவர்களுக்கும் அது மௌனமாகத்தான் இருக்கும். நண்பர்கள் சிலர் அதையே அறிவுறுத்தினர். “நீ கேட்டதைத்தானே எழுதினாய்?” என்ற அவர்களுடைய வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. அந்தப் படத்தை வீட்டில் பார்த்தவர்களில் பெரும்பாலோர் கேட்டது மௌனத்தைத்தான். அவர்களுடைய துயரமும் அந்த மௌனத்தில் எழுந்ததுதான். அதைப் பொய் என்று சொல்ல ஒலிபெருக்கி வைத்திருப்பவருக்கு உரிமை இல்லை.

ஆனால் அவர் எழுதியது “பார்வையாளர் மௌனத்தைக் கேட்கிறார்” என்றன்று. “இயக்குநர் ஒலியைத் துறக்கிறார்” என்றே எழுதியிருந்தார். முதலாவது, ஒரு கருவியின்வழி கேட்ட அனுபவம். இரண்டாவது, படைப்பைப் பற்றிய கூற்று. இரண்டுக்கும் இடையே ஒரு தடம் முழுவதும் விடுபட்டிருந்தது. இலக்கிய ஆய்வில் பாடவேறுபாடு நோக்காமல் ஒரு பதிப்பைக் கொண்டு கவிஞரின் கருத்தை முடிவுசெய்தால் அதை ஆய்வென்று ஒப்புவதில்லை. உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி ஊரூராக அலைந்ததன் பொருள் இதுவே. திரைப்பட ஆய்விலோ, எந்தப் பதிப்பைக் கேட்டோம் என்று குறிப்பிடும் வழக்கமே இன்னும் நிலைபெறவில்லை.

28 பக்கங்களில் 19 பக்கங்களை அவர் நீக்கினார். புதிய இயல் அந்த 40 நொடிகளை இரு முறை வாசித்தது. முரல்வு உள்ள காட்சியாக ஒருமுறை, முரல்வு இழந்து மக்களிடம் சென்ற காட்சியாக ஒருமுறை. சமர்ப்பிப்பு ஐந்து மாதங்கள் தள்ளிப்போனது. கடைசி மாதத்தை உதவித்தொகையின்றி, ஒரு தனிப்பயிற்சி நிலையத்தில் பாடம் எடுத்துக் கடந்தார். தேர்வாளர்களின் அறிக்கைகளில் ஒன்று அந்த இயலைக் குறிப்பிட்டது, மற்றொன்று குறிப்பிடவில்லை.

அவருடைய ஆய்வேட்டில் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அடிக்குறிப்பு உண்டு. படம் தகடா தளமா, ஒலி எத்தனை தடங்கள், எந்தக் கருவியில் கேட்டது, எந்த நாளில் கேட்டது என்னும் நான்கு செய்திகள் அதில் இருக்கும். நாளைக் குறிப்பதற்குக் காரணம் உண்டு. தளத்தில் உள்ள படம் உரிமக்காலம் முடிந்ததும் மறையலாம். அறிவிப்பின்றி வேறொரு பிரதியால் மாற்றப்படலாம். தகட்டின் மேன்மை அதன் கிலோபிட்டில் இல்லை. ஒருவர் மேற்கோள் காட்டியதை இருபது ஆண்டுகளுக்குப் பின் இன்னொருவர் எடுத்துப் பார்க்க முடியும் என்பதில்தான் இருக்கிறது. தகடு என்பதாலேயே அது மூலமாகிவிடாது என்பதும் உண்மை. ஒற்றைத் தடத்தில் வெளியான பழைய படங்கள் பிற்காலத்தில் 5.1ஆக விரிக்கப்பட்டுத் தகடேறியிருக்கின்றன. அப்போதும் எது விரிக்கப்பட்டது என்பதை ஒப்பிட்டுச் சொல்ல ஒரு நிலையான சான்று கையில் இருக்கும்.

அந்தச் சான்றுதான் இப்போது அருகிவருகிறது. இந்தியாவில் புதிய படம் தகடாக வெளிவருவது அரிதாகிவிட்டது. தகடு இயக்கிகளுக்குப் பெயர்பெற்ற ஓப்போ நிறுவனம் 2018இல் அவற்றைச் செய்வதை நிறுத்தியது. பேராசிரியர் தம் முந்நூறு தகடுகளையும் ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கு அளிக்க முன்வந்தபோது, இயக்கும் கருவி தங்களிடம் இல்லை என்ற மறுமொழி வந்தது.

மாணவி, இப்போது முனைவர், தாம் பயின்ற துறைக்கு ஒரு விண்ணப்பம் அளித்திருக்கிறார். ஓர் அறை, ஒரு தகடு இயக்கி, ஆறு ஒலிபெருக்கிகள், ஓர் அலமாரி. கூரைக்கு நான்கு வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஆறாவது தடம் ஒலிக்க வேண்டும் என்பதை மட்டும் அடிக்கோடிட்டிருக்கிறார். விண்ணப்பம் கோப்பில் இருக்கிறது. தகடுகள் தார்நாக்காவில் இருக்கின்றன. அவற்றின் பட்டியலைத் தயாரிக்க அவர் சனிக்கிழமைதோறும் அங்கே செல்கிறார். மழைக்காட்சி வரும்போது, மேலிருந்து பெய்கிறதா என்று பேராசிரியர் இன்றும் கேட்கிறார். பெய்கிறது என்று அவர் சொல்கிறார்.