பட்டாளத்தார் வீட்டு மாட்டுக் கொட்டகை

வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் 'பட்டாளத்தார் வீடு' என்று ஒன்றாவது இருக்கும். பெரும்பாலும் அந்த வீட்டை ஒட்டி ஒரு மாட்டுக் கொட்டகையும் இருக்கும். இருபது வயதுக்குள் படையில் சேர்ந்தவர், ஓய்வூதியத்துக்குத் தேவையான 15 ஆண்டுகளையோ சற்றுக் கூடுதலாகவோ முடித்துவிட்டு, நாற்பதை எட்டும் முன்பே ஊர் திரும்புகிறார். திரும்பியதும் இரண்டு கறவை மாடு வாங்குகிறார். துப்பாக்கி பிடித்த கைக்கும் பால் கறக்கிற கைக்கும் என்ன உறவு, இது எங்கே தொடங்கியது என்பதுதான் என் கேள்வி. வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. வீரப் பரம்பரை, அது ரத்தத்திலேயே ஊறியது என்பது ஒன்று. விடியுமுன் எழுந்து பழகிய ராணுவ ஒழுங்கு மாட்டுக்கும் ஒத்துவருகிறது என்பது மற்றொன்று. இரண்டுமே சொல்வதற்குச் சுலபமானவை. ஆனால் சான்றுகளைத் தேடிப் போனால் இரண்டும் நிற்கவில்லை.

தேடலை, மாண்ட வீரர்களுக்கு இந்தப் பக்கத்தில் எடுத்த நடுகற்களிலிருந்து தொடங்குவதுதான் முறை. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு செங்கம் நடுகற்களைத் தொகுத்து வெளியிட்டது. அவற்றில் எடுத்தனூர்க் கல்லை மட்டும் சற்று நெருங்கிப் பார்க்கலாம். காலம் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. இறந்தவன் பெயர் கருந்தேவக்கத்தி. வாணகோ அரைசரின் மருமக்களான பொற்றொக்கையாரின் இளமகன் என்று அவனைக் கல் அறிமுகப்படுத்துகிறது. இளமகன் என்றால் ஒரு தலைவனுக்குப் பணிபுரிந்த படைவீரன். அவன் இறந்தது போர்க்களத்தில் அல்ல, 'தன் எருமைப்புறத்தே'. அதே கல்லில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற பெயரோடு, கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியோடு. பல்லவ மன்னன் பெயர் அந்தக் கல்லில் ஆண்டைக் குறிப்பதற்கு மட்டுமே வருகிறது. மற்றதெல்லாம் எருமை, கள்ளர், நாய், காவல். படைவீரனும் மாட்டுக்காரனும் ஒரே வாக்கியத்தில், ஒரே ஆளாக நிற்கிறார்கள்.

இதை மறுக்கலாம். 'தன்' என்ற சொல் தலைவரையும் குறிக்கலாமே, எருமைகள் அவருடையவை, இவன் வெறும் கூலிக் காவலன்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எருமை யாருடையதாக இருந்தாலும், கள்ளர் வந்த வேளையில் அவன் மந்தையோடு இருந்திருக்கிறான். அரண்மனையில் இருந்தவனை ஆள் விட்டு அழைத்து வந்ததாகக் கல்லில் இல்லை. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. நடுகல் எல்லாமே காத்தவனுக்கு எடுத்ததில்லை, தொறு, அதாவது மாட்டுமந்தை, கவரப் போய் மாண்டவனுக்கும் கல் உண்டு. எனவே இது அரசர்களின் போர், உழவனின் கதை அல்ல என்பது அந்த வாதம். முதல் பாதியை நான் அப்படியே ஏற்கிறேன். தொல்காப்பியம் ஆநிரை கவர்தலை வெட்சித் திணையில் வைத்ததும் அதனால்தான். 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ் பிராமி நடுகல்லிலேயே கூடலூர் 'ஆகோள்', அதாவது ஆநிரை கவர்தல், பேசப்படுகிறது. ஆனால் ஏன் போர் மாட்டில் தொடங்கியது? வானம் பார்த்த பூமியில் ஒரு குடியின் சொத்து அதுதான். நெல்லைப் போலக் களஞ்சியத்தில் பூட்டி வைக்க முடியாத சொத்து. காலால் நடக்கும், ஓட்டிக்கொண்டும் போகலாம். பழந்தமிழில் மாடு என்றாலே செல்வம். அந்தச் செல்வத்தை வைத்திருப்பவனுக்கு ஆயுதம் பிடிக்கத் தெரியாமல் முடியாது. மேய்ப்பதும் காப்பதும் ஒரே வேலையின் இரண்டு நேரங்கள்.

அப்படியானால் அந்த வீரனின் வாரிசுதான் இன்றைய பட்டாளத்தாரா? இல்லை. ரத்தக் கதையை உடைக்கும் சான்று பிரிட்டிஷ் ஆவணங்களிலேயே இருக்கிறது. மதராஸ் ரெஜிமெண்ட் தன் தொடக்கத்தை 1758க்குக் கொண்டுபோகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராபர்ட்ஸ் போன்ற பிரிட்டிஷ் தளபதிகள் தென்னாட்டுக்காரன் போருக்கு லாயக்கற்றவன் என்றார்கள். 'வீர இனங்கள்' என்று வடக்கே ஒரு பட்டியல் போட்டார்கள். தெற்கின் படைப்பிரிவுகள் சுருங்கின, 1920களில் அந்த ரெஜிமெண்டின் பட்டாலியன்களே கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டதும் 1940களில் மறுபடி கதவு திறந்தது, அதே ஊர்களிலிருந்து ஆட்கள் போனார்கள். இடையில் அவர்கள் ரத்தம் மாறிவிடவில்லை. மாறியது அரசின் கணக்கு. வேலூர் மாவட்டத்தில் 'ராணுவப்பேட்டை' என்றே பெயரெடுத்த கம்மவான்பேட்டையும் செங்கத்து நடுகற்களும் பழைய வட ஆர்க்காட்டு மண்ணுக்குள் அடங்கியவை. இதைச் சாதிப் பெருமைக்கு ஆதாரமாக்கத் துடிப்பவர்கள் உண்டு. அது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். பாலாறும் செய்யாறும் வருடத்தில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் பூமி இது. மழை தவறினால் வெளியிலிருந்து வரும் காசு வேண்டும், மழை பெய்தாலும் தவறினாலும் தினமும் காசு தருவது கொட்டகையில் வேண்டும். அன்று முதலாவதைத் தந்தது தலைவனிடம் செய்த சேவகம், இன்று ராணுவச் சம்பளமும் ஓய்வூதியமும். களத்தில் மாண்டவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் விட்ட வழக்கமும் இந்தக் கணக்கில்தான் சேரும். இடையில் ஏறத்தாழ 1400 ஆண்டுகள். வம்சம் தொடர்ந்தது என்று நான் சொல்லவில்லை. நிலம் கேட்ட கேள்வி மாறவில்லை, அதனால் விடையும் கிட்டத்தட்ட அதுவாகவே வருகிறது.

ராணுவ ஒழுங்கு என்ற இரண்டாவது பதிலையும் பார்த்துவிடலாம். அவர் காஷ்மீரிலோ அசாமிலோ இருந்த அந்தப் பதினைந்து, பதினேழு ஆண்டுகளில் கொட்டகையில் மாடு இருந்ததா இல்லையா? பெரும்பாலான வீடுகளில் இருந்தது. புல் அறுத்தது, புண்ணாக்கு ஊறவைத்தது, சினை பார்த்தது, விடிகாலையில் கறந்து பால் சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றியது மனைவியும் தாயும். அவர் விடுமுறையில் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஓய்வு பெற்றவர் புதிதாக ஒன்றைத் தொடங்குவதில்லை, நடந்துகொண்டிருக்கும் ஒன்றில் வந்து சேர்ந்துகொள்கிறார். அவருடைய உழைப்பை இது குறைக்காது; ஆனால் மூலத்தைத் தேடுகிறவர்கள் தவறாமல் தொட வேண்டிய இடம் இது. எடுத்தனூர்க் கல் நாயின் பெயரைக்கூட நமக்குக் கொடுத்திருக்கிறது. அந்த எருமைகளைக் கறந்தவர் யாரென்று அது சொல்லவில்லை. உங்கள் ஊர்ப் பட்டாளத்தாரைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள், அவர் எந்த எல்லையில் நின்றார் என்று கேட்கும்போதே, அந்த ஆண்டுகளில் மாட்டைப் பார்த்துக்கொண்டவர் பெயரையும் கேட்டு எழுதிவையுங்கள்.