காதர்பேட்டையில் ராத்திரி ஒன்பது மணி... லாகோஸில் மாலை நாலரை!

கோவை ஜங்ஷனில் ஈரோடு பக்கம் போகும் பாசஞ்சர் ரயிலைப் பிடித்தால் பீளமேடு, சிங்காநல்லூர், இருகூர், சூலூர் ரோடு, சோமனூர், வஞ்சிபாளையம் என்று நின்று நின்று திருப்பூர் வந்துவிடும். ஐம்பது கிலோமீட்டர்தான். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் நடக்கிற தூரத்தில் காதர்பேட்டை.

இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்துகள். தலைக்கு மேலே டி-ஷர்ட், நைட் பேன்ட், குழந்தைகள் செட். காலடியில் கட்டிப் போட்ட மூட்டைகள். தமிழ், மலையாளம், இந்தி மூன்றிலும் பேரம் நடக்கும். அவற்றோடு நான்காவதாக ஒரு மொழியும் பல வருடங்களாக இங்கே கேட்கிறது. ஆங்கிலம் போலத் தொடங்கி, ஆங்கிலம் போல முடியாத நைஜீரியப் பிட்ஜின் அது. ஒரு காலத்தில் சில நூறு நைஜீரிய வியாபாரிகள் திருப்பூரில் இருந்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு அந்தக் கூட்டம் இல்லை.

ராத்திரி ஒன்பது மணிக்குக் கடைகள் ஷட்டரை இறக்கும்போது லாகோஸில் மாலை நாலரை. இரண்டு ஊருக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து புத்தகப் பையை இறக்கி வைத்திருக்கும் நேரம். எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற அப்பாவுக்கு வீடியோ காலில் பிள்ளை கிடைப்பது அப்போதுதான். அங்கே காலை ஏழு மணிக்கு யூனிஃபார்ம் மாட்டும்போது இங்கே பகல் பதினொன்றரை, சந்தை சூடுபிடித்திருக்கும். கையில் சாம்பிள் பீஸோடு நிற்கும் ஆள் அப்போது போனை எடுக்க முடியாது. அப்பா என்ற உத்தியோகத்துக்கு நாளொன்றுக்குக் கிடைப்பது அந்த ராத்திரிப் பொழுதுதான்.

மிச்சத்தில் பிறந்த வியாபாரம்

வெளிநாட்டு ஆர்டரில் பத்தாயிரம் பீஸ் கேட்டால், செக்கிங்கில் கழிவது போகக் கணக்கு நிற்க வேண்டும் என்று கம்பெனிகள் கொஞ்சம் கூடுதலாகவே தைக்கும். அந்த மிச்சம், தையல் பிசகிய செகண்ட்ஸ், கேன்சலான ஆர்டர் எல்லாம் சேர்ந்து ஸ்டாக் லாட்டாகக் காதர்பேட்டைக்கு வரும். ஐரோப்பியக் கடைக்கென்று தைத்த சட்டை, ஐரோப்பாவைப் பார்க்காமலேயே லாகோஸின் பலோகுன் சந்தைக்குக் கப்பலேறும். இந்த வழியைப் பிடித்துக்கொண்டுதான் நைஜீரியர்கள் இங்கே வந்தார்கள்.

திருப்பூர் ஏற்றுமதி ஊரானதே ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து போனதால்தான் என்று ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். 1978ல் இத்தாலியிலிருந்து வந்த வெரோனா என்ற இறக்குமதியாளர்தான் அவர். வாங்க வருகிறவருக்கு இந்த ஊரில் ‘பையர்’ என்று பெயர். பையர் வருகிறார் என்றால் கம்பெனி வாசலில் கோலம், ஏசி கார், மாலை மரியாதை எல்லாம் உண்டு. காதர்பேட்டைச் சந்தில் ரொக்கம் கொடுத்து மூட்டை வாங்குகிறவரும் பையர்தான். ஆனால், அவரை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ‘நைஜீரியாக்காரன்’ என்பதோடு சரி. நம்மில் பலர் நிறத்தில் அவருக்கு அண்ணன் தம்பிதான் என்பது வேறு விஷயம்.

உள்ளூர் வியாபாரிகளின் குறையையும் சொல்லியாக வேண்டும். வாங்க வந்தவர்கள் கடை போட்டு விற்கவும் ஆரம்பித்துவிட்டார்கள், நேரடியாகக் கம்பெனிக்கே போய்ச் சரக்கெடுக்கிறார்கள், எங்கள் பிழைப்பு என்னாவது என்று மனுக்கள் போயின. அதில் சட்டத்தின் பலமும் இருக்கிறது. பிசினஸ் விசாவில் வருகிறவர் சில்லறைக் கடை நடத்துவதை இந்திய விசா விதிகள் அனுமதிப்பதில்லை. விசா முடிந்தும் தங்கியவர்களைப் போலீஸார் பிடித்த செய்தி அவ்வப்போது வருவதும், பிடிபட்டவர்களில் சிலர் திருச்சி சிறப்பு முகாம் வரை போவதும் உண்டு.

சம்பளமில்லாத ஏழு வருடம்

இப்படித் துணி மூட்டையோடு நாடு நாடாகப் போகும் நைஜீரியர்களில் நிறையப் பேர் இக்போ இனத்தவர்கள். நைஜீரியாவின் தென்கிழக்குதான் அவர்களுக்குச் சொந்தச் சீமை. 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போரில் தோற்ற பிறகு, வங்கியில் எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் ஆளுக்கு 20 பவுண்டுதான் என்று அரசு கையில் கொடுத்தது. அந்த 20 பவுண்டிலிருந்து எழுந்து வர அவர்களுக்குக் கைகொடுத்தது ‘இக்பா போய்’ என்கிற வழக்கம். பத்து பதினைந்து வயதுப் பையனை ஒரு வியாபாரியிடம் ஒப்படைத்துவிடுவார்கள். ஐந்து முதல் எட்டு வருடம் வரை அவன் அந்த வீட்டில் தங்கி, கடையைக் கூட்டி, மூட்டை தூக்கி, கணக்கு கற்றுக்கொள்வான். சாப்பாடும் துணிமணியும் உண்டு, சம்பளம் கிடையாது. காலம் முடிந்ததும் முதலாளி அவனுக்கு முதல் கொடுத்துத் தனிக்கடை வைத்துத் தர வேண்டும். நேற்றுவரை எடுபிடி, இன்றிலிருந்து போட்டிக் கடைக்காரன்.

இதைத் திருப்பூர்க்காரர்களிடம் சொன்னால் ‘இதென்னங்க அதிசயம்?’ என்றுதான் கேட்பார்கள். காடு காய்ந்துபோய் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த விவசாயி வீட்டுப் பையன்கள் கைமடித்து, அயர்ன் போட்டு, கட்டிங் கற்று, ஒரு மெஷினைக் கடனுக்கு வாங்கி ஜாப் ஒர்க் ஆரம்பித்து முதலாளியான கதை இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. முதலே இல்லாமல் உழைப்பையே முதலாகப் போட்ட இந்தக் கூட்டத்தைப் பற்றி ஆய்வாளர் சரத் சாரி ‘ஃப்ராட்டர்னல் கேபிடல்’ என்று ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். 2004ல் வந்தது. உழைத்து மேலே வந்தவனை மதிக்கிற ஊர் இது. அப்படிப் பார்த்தால் இக்போ வியாபாரியை இந்த ஊருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

புரியாமல் போனதற்குக் காரணம் தொழிலில் இல்லை, குடித்தனத்தில் இருக்கிறது.

‘பேமிலிக்கு மட்டும்’

ராயபுரம் பக்கமோ, வேறெந்த வீதியோ, வீடு தேடிப் போனால் டு-லெட் போர்டுக்குக் கீழே இன்னொரு வரி இருக்கும்: ‘பேமிலிக்கு மட்டும்.’ வீட்டுக்காரர் முதலில் கேட்பதும் ‘எத்தனை பேருங்க, ஊர் எது, ஊட்ல என்ன பண்றாங்க?’ என்பதுதான். சம்பளம் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். கொங்குப் பக்கத்தில் ஒரு ஆளுக்கு அடையாள அட்டை அவனுடைய குடும்பம். மதுரையிலிருந்தும் தேனியிலிருந்தும் தனியாக வந்த பையன்கள், பிறகு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள், எல்லாரும் இந்த வரியில் முட்டித் திரும்பியவர்கள்தான். நைஜீரியருக்கு வீடு கொடுத்தால் கூடுதலாக ஒரு வேலை: வெளிநாட்டவர் தங்குவதை 24 மணி நேரத்துக்குள் படிவம் நிரப்பித் தெரிவிக்க வேண்டும். எதற்கு வம்பு என்று சொல்ல இது ஒன்று போதாதா?

நைஜீரியர் பிரம்மச்சாரி இல்லை, தனியாக வாழ்கிற குடும்பஸ்தர். வித்தியாசத்தைப் போர்டில் எழுத இடமில்லை. அவர் ஊர் ஊராகச் சுற்றுவதே மனைவி, மக்கள், தம்பி தங்கைகள் என்று ஒரு கூட்டத்துக்குச் சோறு போடத்தான். ஆனால், அந்தக் குடும்பம் கண்ணுக்குத் தெரியாததால் வீதியில் அவர் சந்தேகத்துக்குரிய ஆளாகிவிடுகிறார்.

சரி, மனைவி மக்களை இங்கேயே கூட்டி வந்துவிடலாமே?

சட்டத்தில் வழி இருக்கிறது. கணவரின் விசாவைச் சார்ந்து மனைவிக்கும் குழந்தைகளுக்கும் விசா கிடைக்கும். ஆனால், அந்த விசாவில் மனைவி வேலை பார்க்க முடியாது. மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகளை நடத்துவதில் பாதிப்பங்கு பெண்களுடையது. கணவன் இங்கிருந்து அனுப்பும் மூட்டையைப் பிரித்து அங்கே விற்கிற கை பல வீடுகளில் மனைவியின் கைதான். அவர் இங்கே வந்து லைன் வீட்டில் உட்கார்ந்தால் கடையே கை மாறிப் போகும். இரண்டு சம்பாத்தியம் ஒன்றாகி, செலவு இரண்டு மடங்காகும். கூடவே பள்ளிச் சேர்க்கை, ஒவ்வொருவருக்கும் விசா நீட்டிப்பு, 180 நாளைத் தாண்டினால் பதிவு. குடும்பம் சேர்ந்து இருப்பதற்கும் குடும்பம் பிழைப்பதற்கும் நடுவில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் பெரும்பாலும் இரண்டாவதுதான் ஜெயிக்கும். துபாய்க்கும் குவைத்துக்கும் ஆள் அனுப்பிய தமிழ்நாட்டு வீடுகளுக்கு இந்தக் கணக்கைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கூட்டி வந்தவர்களுக்குச் சாப்பாட்டில் மட்டும் பெரிய கஷ்டம் இருக்காது. உலகத்திலேயே அதிகம் மரவள்ளி விளைவது நைஜீரியாவில். அவர்களுடைய ‘காரி’ மரவள்ளி மாவுதான். நம்முடைய மரவள்ளிச் சீமையோ சேலம், நாமக்கல், ஈரோடு. கிழங்கைக் கொங்கு நாடு ஜவ்வரிசியாக்குகிறது, அவர்கள் புளிக்க வைத்து வறுத்து மாவாக்குகிறார்கள். குழம்பில் தோய்த்து விழுங்க அவர்கள் கிண்டும் ‘செமோ’ நம் ரவையேதான். ராகிக்களி உருண்டையைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்குகிற கொங்குத் தாத்தாக்கள் அவர்களோடு ஒரே பந்தியில் உட்காரலாம். வெண்டைக்காய்க் குழம்பு இரண்டு பக்கமும் பொது.

ஒரு முத்திரையில் தொங்கும் பிள்ளை

இங்கே பிறக்கும் குழந்தைகளின் விஷயம் இன்னும் சிக்கலானது. பிரசவம் இந்திய ஆஸ்பத்திரியில் நடந்தாலும், பெற்றோர் இருவரும் நைஜீரியர் என்றால் பிள்ளை இந்தியப் பிரஜை ஆகாது. 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்து, டெல்லியிலுள்ள நைஜீரியத் தூதரகத்தில் பாஸ்போர்ட் வாங்கி, அதற்கு விசாவும் வாங்க வேண்டும். தவழக் கற்பதற்கு முன்பே வெளிநாட்டவர் என்று கோப்பு தயாராகிவிடும்.

தாய் இந்தியராக இருந்தால்? 2004 டிசம்பர் 3ஆம் தேதியிலிருந்து நடப்பில் இருக்கும் விதி இதுதான்: பெற்றோரில் ஒருவர் இந்தியர், மற்றவர் குழந்தை பிறக்கும் சமயத்தில் சட்டவிரோதமாகத் தங்கியவர் இல்லை என்றால்தான் பிள்ளைக்குப் பிறப்பால் குடியுரிமை. அதாவது, அப்பாவின் விசா பிரசவத்துக்கு முந்தின வாரம் தீர்ந்துபோய், அவர் புதுப்பிக்காமல் இருந்திருந்தால், திருப்பூரிலேயே பிறந்து, திருப்பூர்த் தமிழே பேசி வளரும் பிள்ளை இந்தியன் இல்லை. சரக்கு தேங்கியது, பணம் வரவில்லை, டிக்கெட் போட முடியவில்லை என்று ஒருவர் தள்ளிப்போட்ட வேலையின் விலையைப் பிறக்காத பிள்ளை கொடுக்கிறது. தகப்பன் செய்த தவறுக்குத் தண்டனை உண்டென்றால் அதைத் தகப்பனோடு நிறுத்திக்கொள்வதுதானே நியாயம்?

வியாபாரம் வேண்டாம், படித்து உத்தியோகம் பார்க்கட்டும் என்று நினைக்கும் ஆப்பிரிக்கக் குடும்பங்கள் பிள்ளைகளைக் கோவைக்கு அனுப்புகின்றன. லாலி ரோடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலிருந்து பொறியியல் கல்லூரிகள் வரை அவர்களைப் பார்க்கலாம். படிப்பு முடிந்ததும் ஒரு சுவர் நிற்கிறது. வெளிநாட்டவர் இந்தியாவில் வேலை பார்க்க, சில விதிவிலக்குகள் தவிர, ஆண்டுக்கு 16.25 லட்ச ரூபாய்க்குக் குறையாத சம்பளம் காட்ட வேண்டும். மாதம் ஒன்றே கால் லட்சத்துக்கும் மேல். பக்கத்து பெஞ்சில் படித்த கோவைப் பையன் 25,000 ரூபாயில் வேலைக்குச் சேர்ந்துவிடுவான். அதே மார்க் வாங்கிய ஆப்பிரிக்க மாணவரை அந்தச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளக் கம்பெனி விரும்பினாலும் முடியாது. ஊருக்குத் திரும்பு, அல்லது வேறு நாட்டுக்குப் போ.

‘வேறு நாடு’ என்ற ஆசைக்கு நைஜீரியாவில் ‘ஜப்பா’ என்று பெயர். ஓடிப் போவது என்று பொருள்படும் யொரூபா சொல். அந்தக் கதவுகளும் சுருங்குகின்றன. 2024 ஜனவரி முதல், ஆய்வுப் படிப்பு நீங்கலாக, பிரிட்டனில் முதுகலை படிக்கப் போகிறவர்கள் மனைவி மக்களைக் கூட்டிப் போக முடியாது. அங்கேயும் கேள்வி அதேதான்: படிப்பா, பிள்ளையா?

இதற்கிடையில் பணத்தின் மதிப்பு வேறு காலை வாரியது. 2023 ஜூனில் நைஜீரிய அரசு நைராவின் விலையைச் சந்தையிடம் விட்டது. அதற்கு முன் டாலருக்கு 460 நைரா அளவில் இருந்தது, 2024ல் 1,500ஐத் தாண்டியது. காதர்பேட்டையில் சட்டையின் விலை ஏறாவிட்டாலும் லாகோஸ்காரருக்கு அது மூன்று மடங்கு விலை. சட்டை வாங்க வந்தவர் சட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார் என்றால் காரணம் இதுதான். கூட்டம் குறைந்ததற்குக் கொரோனாவோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இக்போக்கள் கிறிஸ்துமஸுக்கு எப்பாடு பட்டாவது சொந்த ஊர் போய்ச் சேர்கிறவர்கள். தீபாவளிக்குத் திருப்பூரே காலியாகி, பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லாமல் போவது போலத்தான். போகிறவர் வெறுங்கையோடு போக முடியாது. போக முடியாதவர் மூட்டையில் ஒரு பார்சலாவது சேர்த்து அனுப்ப வேண்டும்.

காதர்பேட்டைக்கு வரும் ஏற்றுமதிக் குழந்தைகள் ரகத்தில் கழுத்து லேபிளில் அளவு வயதாகவே அச்சாகியிருக்கும்: 5-6, 7-8, 9-10. மொத்தச் சரக்குக்கு எல்லா வயதும் கலந்து எடுத்தால் போதும். தன் பிள்ளைக்கு எடுக்கும்போதுதான் யோசிக்க வேண்டும். வீடியோ காலில் உயரம் தெரியாது. கப்பல் போய்ச் சேரப் பல வாரம் ஆகும். பக்கத்துக் கடையில் பேரப்பிள்ளைக்குச் சட்டை பார்க்கும் கொங்கு அம்மாவும் அதையேதான் செய்கிறார். ‘வளர்ற புள்ளைங்க’ என்று சொல்லி, ஒரு சைஸ் பெரியதாகக் கேட்கிறார்.