வலுவிழந்த மட்டை

சிகாகோவின் புறநகரில் உள்ள அண்ணன் வீட்டு நிலவறையில் ஒரு பழைய பின்பால் எந்திரம் நிற்கிறது. 1960களில் அந்நகரிலேயே செய்யப்பட்டது. இவ்விளையாட்டின் தாயகம் என்று சிகாகோவைச் சொல்லலாம். அங்கிருந்த காட்லீப் நிறுவனம் 1947இல் வெளியிட்ட 'ஹம்ப்டி டம்ப்டி'யில்தான், பொத்தானை அழுத்தினால் எழுந்து குண்டை அடிக்கும் ஃபிளிப்பர் மட்டைகள் முதன்முதலில் இடம்பெற்றன. அதற்கு முன்னர், பெட்டியைத் தட்டி அசைப்பதைத் தவிர ஆடுபவர் செய்யக்கூடியது அதிகம் இல்லை. சூதாட்டம் எனக் கருதி நியூயார்க் நகரம் 1942 முதல் 1976 வரை இதனைத் தடை செய்திருந்தது.

சென்ற கோடை விடுமுறையில் அண்ணனும் தம்பியுமாக நாங்கள் அதனைப் பழுதுபார்க்க அமர்ந்தோம். எங்களுக்குள்ளும் ஒரு பழுது இருந்தது. 2020இல் அம்மா இறந்தபோது விமானங்கள் நின்றிருந்தன. அண்ணன் கைபேசித் திரையில்தான் எல்லாவற்றையும் பார்த்தார். அதன்பின் உடல்நலம் விசாரிப்பதோடு பேச்சை முடித்துக்கொள்ள இருவருமே பழகிவிட்டோம்.

எந்திரத்தின் வலப்புற மட்டை வலுவிழந்திருந்தது. அடித்த குண்டு பாதி மேடையைக்கூடத் தாண்டவில்லை. காயில் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புதியதை வாங்கி மாற்றினோம். பயனில்லை.

பிறகுதான் மின்சுற்று வரைபடத்தை விரித்து வைத்து முறையாகத் தேடினோம். இவ்வெந்திரத்தில் சிப் ஏதுமில்லை. ரிலே, சுவிட்ச், மோட்டார், அவ்வளவே. மட்டையின் காயிலில் இரண்டு சுற்றுகள் உண்டு. தடித்த கம்பிச் சுற்று மட்டையை விசையோடு எழுப்புகிறது. மெல்லிய கம்பிச் சுற்று, எழுந்த மட்டையைத் தாங்கி நிறுத்த உதவுகிறது. மட்டை கீழே இருக்கையில் ஒரு சிறு சுவிட்ச் மூடியிருந்து, மின்சாரம் மெல்லிய சுற்றைச் சுற்றிக்கொண்டு போக வழிவிடுகிறது. மட்டை மேலே சென்றதும் அது திறக்க, இரு சுற்றுகளும் தொடராக இணைந்து மின்னோட்டம் குறைகிறது. அது திறக்காவிட்டால் காயில் கருகிவிடும். மூடாவிட்டால் எழுப்ப வேண்டிய கணத்திலும் தாங்குவதற்கான மின்சாரமே கிடைக்கும்.

எங்கள் எந்திரத்துக்கு நேர்ந்தது இரண்டாவது. சுவிட்சில் மல்டிமீட்டரை வைத்தோம். ஏறத்தாழச் சுழியம் காட்ட வேண்டிய இடத்தில் மெல்லிய சுற்றின் மின்தடையைக் காட்டியது. சுவிட்ச் மூடியிருப்பதாகக் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் தொடுமுனைகள் கறுத்துப்போயிருந்தன.

மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டு, அண்ணன் மெல்லிய அரத்தால் அவற்றைத் தேய்த்தார். தலை நிமிராமலே கேட்டார்: "அன்னிக்கு போன்ல படம் நின்னுபோச்சு. அதுக்கப்புறம் என்ன நடந்துச்சு, தம்பி?"

எங்களில் இளையவன் சொன்னான். மழை தூறியதை, விறகு நனையாமல் தார்ப்பாய் போட்டதை, பாடை தூக்க ஆள் கிடைக்காமல் நின்றதை. "நாலாவது ஆளா பக்கத்து வீட்டுப் பையன் வந்தான் அண்ணா. உங்க இடத்துல அவன்தான் தோள் கொடுத்தான்."

அரம் நின்றது. "அவன் பேர் என்ன?"

சொன்னதும் அண்ணன் அப்பெயரை மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு மீண்டும் தேய்க்கத் தொடங்கினார்.

மின்சாரம் கொடுத்து அழுத்தியபோது குண்டு மேடையின் உச்சிவரை சென்றது, மணி அடித்தது. அது உருண்டு இறங்கி மட்டைகளுக்கு இடையே மறையும்வரை, பொத்தானைத் தொடாமல் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.