எழுபது வளைவும் ஒரு பேட்டரியும்

முதல்லயே சொல்லிடறேன். மோட்டார் வச்ச சைக்கிளை ஓட்டிக்கிட்டு போய் சைக்கிள் ரேஸ்ல கலந்துக்கிட்ட ஆள் நான். "அதெல்லாம் ஒரு சைக்கிளாடா?"ன்னு கேக்கணும்னு தோணறவங்க வரிசையில வாங்க, எனக்கு முன்னாடியே பத்து பேர் கேட்டு முடிச்சிட்டாங்க :-)

கிராவல் ரேஸ்னு ஒண்ணு இருக்கு. தார் ரோட்டை விட்டுட்டு ஜல்லியும் மண்ணுமா கிடக்கற பாதையில நாள் முழுக்க சைக்கிள் மிதிக்கறது. இதுல பேர் போனது அமெரிக்காவுல கான்சாஸ் மாநிலத்துல எம்போரியாங்கற சின்ன ஊர்ல நடக்கற அன்பவுண்ட் கிராவல். 2006-ல ஆரம்பிச்சது, முக்கியமான தூரம் 200 மைல், அதாவது 320 கிலோமீட்டருக்கு மேல. தொழில்முறை வீரர்களும் வருவாங்க, ஆபீஸ்ல லீவு போட்டுட்டு வர்ற சாதாரண ஆளுங்களும் அதே கோட்டுல இருந்து கிளம்புவாங்க. நம்ம பக்கம் கிராவல்னா வீடு கட்ட, ரோடு போட டிப்பர்ல வந்து கொட்டற செம்மண்ணு. வீட்டுல "கிராவல் ரேஸுக்குப் போறேன்"னதும் அப்பா டிப்பர் லாரி ரேஸ்னே நினைச்சுட்டார். நாமக்கல் பக்கத்துல அப்படி நினைக்கறதுல தப்பே இல்ல.

எங்க செட்டுல பதினோரு பேர். பொங்கல் லீவுல சேந்தமங்கலத்துல கிளம்பி, பேளுக்குறிச்சிப் பக்கம் மண் தடத்துலயே சுத்தி, காளப்பநாயக்கன்பட்டிக்கு வந்து, அங்கிருந்து காரவள்ளி, அப்புறம் கொல்லிமலை ஏறி செம்மேட்டுல முடிக்கணும். மலை மட்டும்தான் தார் ரோடு. மொத்தம் தொண்ணூறு கிலோமீட்டர் சுமார் வரும். கான்சாஸ்காரன் சிரிப்பான். ஆனா அவனுக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு கிடையாதே!

நான் ஏன் பேட்டரி சைக்கிள்? எனக்குச் சின்ன வயசுல இருந்தே இளைப்பு. ஸ்கூல்ல பி.டி. பீரியட் முழுக்க வேப்ப மரத்தடியில மத்த பசங்களோட செருப்புக்கும் டிபன் பாக்ஸுக்கும் காவல் இருந்தவன் நான். டாக்டர் சொன்னது இதுதான்: சைக்கிள் ஓட்டு, நல்லதுதான். இன்ஹேலர் இல்லாம போகாதே, பனிக்காத்துல தம் கட்டி ஏறாதே. சமதளத்துல ஐம்பது அறுபது கிலோமீட்டர் எனக்கு ஒண்ணும் பெரிசில்ல. ஏத்தம் வந்தா நெஞ்சுக்குள்ள ஒரு விசில் ஆரம்பிக்கும். அது வந்துட்டா அன்னிக்குக் கதை முடிஞ்சுது. அதனால போன வருஷம் இவனுங்க மலை ஏறினப்ப நான் அடிவாரத்துல டீ குடிச்சுட்டு பஸ் ஏறிப் போனேன். மேல போய் அவனுங்களுக்கு போட்டோ எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் செருப்புக் காவல்தான்.

இந்த வருஷம் சித்தப்பா பையனோட பேட்டரி சைக்கிளை ரெண்டு நாளைக்கு வாங்கிட்டு வந்தேன். பின் சக்கர நடுவுல மோட்டார், 250 வாட். பெடலைச் சுத்தினா உதவி பண்ணும், 25 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் தானா கட் ஆயிடும். நம்ம மோட்டார் வாகன விதிகள்ல இந்த 25 வேகம், 250 வாட் வரம்புக்கு உள்ள இருக்கற பேட்டரி வண்டி மோட்டார் வாகனமே இல்ல. லைசென்ஸ் வேணாம், நம்பர் பிளேட் வேணாம். சட்டப்படி அது சைக்கிள் மாதிரிதான். ஆனா எங்க சீனியர் சட்டத்துல இன்னும் பாஸ் ஆகல.

சீனியர் 200 கிலோமீட்டர் ப்ரெவே முடிச்சவர். தெரியாதவங்களுக்காக: இந்தியாவுல ஆடாக்ஸ் இந்தியா நடத்தற நெடுந்தூர ஓட்டம் அது. 200 கிலோமீட்டர்னா பதிமூன்றரை மணி நேரத்துல முடிக்கணும், 600-ன்னா 40 மணி நேரம். யார் முதல்ல வந்தாங்கன்னு கணக்கே கிடையாது, நேரத்துக்குள்ள வந்தா போதும். விதிகள் பாரீஸ்ல இருந்து வருது. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பாரீஸ்-ப்ரெஸ்ட்-பாரீஸ்னு 1200 கிலோமீட்டர் ஓட்டம் நடத்தற அதே சங்கம்தான். அந்த விதியில மூணு சக்கரம், படுத்துக்கிட்டு ஓட்டற சைக்கிள், ரெண்டு பேர் மிதிக்கறது எல்லாத்துக்கும் இடம் உண்டு. ஆனா மனுஷ சக்தியில மட்டுமே நகரணும். மோட்டாருக்குக் கதவு மூடியாச்சு. சீனியர் இதைச் சொல்லிட்டு, போதாக்குறைக்கு 2016 கதையையும் எடுத்தார். பெல்ஜியத்துல சோல்டர்ங்கற ஊர்ல சைக்ளோகிராஸ் உலகப் போட்டி. ஃபெம்கே வான் டென் ட்ரீஸ்ஷேங்கற 19 வயசுப் பொண்ணோட சைக்கிள் குழாய்க்குள்ள ஒளிச்சு வச்ச மோட்டாரைக் கண்டுபிடிச்சாங்க. ஆறு வருஷம் தடை.

"நான் ஒளிச்சு வைக்கலையேண்ணா, பூசணிக்கா சைஸுல பின்னாடி தொங்குது"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க, சீனியர் உட்பட.

பேட்டரி சைக்கிள் கட்சிக்காரங்க வழக்கமா ஒரு வாதம் வைப்பாங்க. டூர் டி பிரான்ஸ்ல 1937 வரைக்கும் கியர் மாத்தற டிரைலர் தடை செஞ்சு வச்சிருந்தாங்க. ஏத்தம் வந்தா வீரர்கள் இறங்கி, பின் சக்கரத்தைக் கழட்டி, திருப்பிப் போட்டு மறுபடி ஏறணும். கியர் வச்சு ஓட்டறது வயசானவங்களுக்குத்தான்னு அந்தப் போட்டியை உருவாக்கின ஆன்ரி தெக்ராஞ்சே எழுதியிருக்கார். இன்னிக்கு கியரை யாரும் ஏமாத்துன்னு சொல்லறதில்ல, அதே மாதிரி மோட்டாரும் நாளைக்கு சகஜமாயிடும்ங்கறது இவங்க கட்சி. கேக்க நல்லா இருக்கு, ஆனா எனக்கு ஒப்பல. கியர் ஒரு நெம்புகோல். நான் போட்ட பத்து ரூபாயைச் சில்லறையா மாத்திக் கொடுக்கும், அவ்வளவுதான். ஒரு பைசா கூட சேர்க்காது. மோட்டார் அப்படியில்ல, வெளியில இருந்து கடன் கொண்டு வருது. காமர்ஸ் படிக்கறவனுக்கு இது கூடவா தெரியாது? சொந்த மூலதனமும் பேங்க் லோனும் ஒரே கணக்குல வராது.

அதனால நானே ஒரு யோசனை சொன்னேன். என் பேரைப் பட்டியல்ல மத்தவங்களோட சேர்க்க வேணாம். ஒரு கோடு போட்டு கீழ எழுதுங்க. ஆனா எல்லாரும் போற தடத்துலயே போறேன், நேரமும் குறிக்கணும். சீனியர் கொஞ்சம் யோசிச்சுட்டு ஒரே ஒரு கண்டிஷன் போட்டார்: நடுவுல எங்கயும் சார்ஜ் ஏத்தக் கூடாது.

அந்த ஒரு கண்டிஷன்தான் அன்னைக்கு முழுக்க என் தலைக்குள்ள ஓடிக்கிட்டே இருந்துச்சு.

காலையில ஆறே கால். ஜனவரிப் பனி, நைனாமலை பாதிக்கு மேல காணோம். ஊரைத் தாண்டினதும் மரவள்ளிக் காட்டுக்கு நடுவுல வண்டித் தடம். மோட்டாரை ஆஃப் பண்ணிட்டேன், மலைக்கு மிச்சம் வைக்கணுமே. இங்கதான் யாரும் சொல்லாத ரகசியம். மோட்டார் ஆஃப்ல இருக்கற பேட்டரி சைக்கிள் மாதிரி ஒரு தண்டனை கிடையாது. மத்தவனுங்க சைக்கிள் 12, 13 கிலோ. என்னுது 23. மணல் பாங்கான இடத்துல பின் சக்கரம் அப்படியே உக்காந்துக்குது. நடுவுல ரெண்டு மூணு கிலோமீட்டர் தார் ரோடு வந்தப்ப ஆன் பண்ணிப் பார்த்தேன். அவனுங்க 28-ல போறானுங்க, எனக்கு 25-ல கட். துரத்தணும்னா அந்த 23 கிலோவையும் சொந்தக் கால்லதான் தள்ளணும். கோழிப்பண்ணை வாசனையோட நான் கடைசி ஆளா வந்துக்கிட்டிருந்தேன்.

பேளுக்குறிச்சி தாண்டி பஞ்சர். சீமைக் கருவேல முள்ளு. சாதா சைக்கிள்னா சக்கரத்தை ஒரு நிமிஷத்துல கழட்டிடலாம். மோட்டார் சக்கரத்துல பெரிய நட்டு, ஒயர் வேற. ஆனா கழட்டவே வேணாம். சைக்கிளைச் சாய்ச்சுப் போட்டு, ஒரு பக்கம் மட்டும் டயரை நெம்பி, முள்ளு குத்தின இடத்து டியூபை வெளிய இழுத்து ஒட்டு போட்டுட்டு உள்ள தள்ளிட்டா போதும். முள்ளை டயர்ல இருந்து எடுத்துடணும், அது முக்கியம். இருபது நிமிஷம் போச்சு.

காரவள்ளிக்கு வந்தப்ப பதினொண்ணு ஆகப் போகுது. டீக்கடையில ஒரு பெரியவர் சைக்கிளைச் சுத்திச் சுத்திப் பார்த்தார்.

"ஏன் கண்ணு, இது பேட்டரியா?"

"ஆமாங்க."

"அப்பறம் மிதிக்கறது எதுக்குங்?"

என்னால சட்டுனு பதில் சொல்ல முடியல. டீ ஆறுறதுக்குள்ள கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் 56 கிலோ, சைக்கிள் 23, பை தண்ணியோட 6, மொத்தம் 85. மலை ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம்னு வச்சுக்கிட்டா, அந்த எடையை மேல தூக்கவே 230 வாட்-அவர் வேணும். பேட்டரி 36 வோல்ட், 7.8 ஆம்பியர்-அவர், முழுசா இருந்தா 280. பரவாயில்லையேன்னு தோணும். ஆனா ஏத்தத்துல மெதுவா சுத்தற மோட்டார்ல கொஞ்சம் சூடாவே வீணாப் போயிடும், நூத்துக்கு எழுபதுதான் சக்கரத்துக்கு வரும்னு வச்சேன். அதுலயும் எனக்கு அஞ்சு கோட்டுல நாலு கோடுதான் மிச்சம். ரோடு இழுக்கற இழுவை தனி. ஆக மொத்தம் பாதி மோட்டார், பாதி நான். "மிதிக்கலைன்னா பாதி மலையில நின்னுடுங்க தாத்தா"ன்னேன். "அப்ப சரி"ன்னு தலையாட்டினார்.

வளைவுக்கு வளைவு போர்டு இருக்கும். ஒண்ணு, ரெண்டுன்னு எழுபது வரைக்கும். கொல்லிமலைக்கு முதல் தடவை சைக்கிள்ல வர்றவன் அந்த போர்டைப் பார்த்து எண்ணவே கூடாதும்பாங்க. நான் எண்ணினேன். அஞ்சு வளைவுக்கு ஒரு தடவை நின்னு மூச்சைக் கேட்டேன். ஆமா, கேட்டேன். வாயை மூடி மூக்கால இழுத்தா உள்ள விசில் இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுடும். இல்லைன்னா கிளம்பு. பேட்டரியை நான் வேகத்துக்கு ஒரு இடத்துலயும் செலவு பண்ணல. விசில் வர்ற கோட்டுக்குக் கொஞ்சம் கீழயே மூச்சை வச்சுக்கறதுக்கு மட்டும்தான். வளைவுல நிமிர்ந்து நிக்கற அந்த இருபது அடிக்கு ரெண்டாம் நம்பர், மத்த இடத்துல ஒண்ணு, கொஞ்சம் சமமா வந்தா ஆஃப்.

இருபதாவது வளைவு சுமார்ல எங்க ஆளுங்க ரெண்டு பேர் கைப்பிடிச் சுவர்ல படுத்திருந்தானுங்க. முட்டி போச்சாம், பஸ்ஸுக்கு வெயிட்டிங். "மோட்டாரைக் கொடுத்துட்டுப் போடா மாப்ள"ன்னு ஒருத்தன் கத்தினான். முப்பதைத் தாண்டினதும் குரங்குங்க. நாப்பத்தாறுல ஒத்தைக் கோடு மின்ன ஆரம்பிச்சுது. அங்க இறங்கி ஆறு வளைவு தள்ளிக்கிட்டே நடந்தேன். விசில் லேசா எட்டிப் பார்த்துச்சு. உக்காந்து, இன்ஹேலர் ரெண்டு இழுப்பு, கால் மணி நேரம் கீழ தெரிஞ்ச காட்டையும் ஊரையும் பார்த்துக்கிட்டிருந்தேன். சேந்தமங்கலம் எதுன்னு கண்டுபிடிக்கவே முடியல, நைனாமலையை வச்சு குத்துமதிப்பா ஒரு இடத்தை முடிவு பண்ணிக்கிட்டேன். அப்புறம் மறுபடி ஒண்ணாம் நம்பர்.

எழுபதாவது போர்டுல நின்னு போட்டோ எடுக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. போன் சார்ஜ் இல்ல. சைக்கிள் பேட்டரி போனதுக்கு முன்னாடியே அது போயிடுச்சு.

செம்மேட்டுக்கு ரெண்டு மணி இருபது நிமிஷத்துக்கு வந்தேன். பதினோரு பேர்ல ரெண்டு பேர் பஸ். மிச்சம் ஒன்பதுல நான் ஏழாவதா வந்து சேர்ந்தேன். எனக்குப் பின்னாடி வந்த ரெண்டு பேரும் மோட்டார் இல்லாம முழு மலையையும் மிதிச்சவனுங்க. அவனுங்களை நான் ஜெயிச்சேன்னு சொன்னா அது பொய்க்கணக்கு. சீனியர் நோட்டை எடுத்து அவனுங்க பேரை ஏழு, எட்டுன்னு போட்டு, கீழ ஸ்கேல் வச்சு ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்குக் கீழ என் பேரு, 2.20, பக்கத்துல 'பேட்டரி, பஞ்சர் 1'. ஸ்கேலை எதுக்கு மலைக்குத் தூக்கிட்டு வந்தார்னு இன்னும் புரியல.

மவுண்டன் பைக்ல பேட்டரி வண்டிக்குன்னே தனியா உலகப் போட்டி 2019-ல கனடாவுல ஆரம்பிச்சுட்டாங்க. எல்லார்கிட்டயும் மோட்டார் இருக்கும், அப்ப அது நேர்மையான ரேஸ். எங்க செட்டுல அடுத்த பொங்கலுக்கு இன்னும் ரெண்டு பேர் பேட்டரி சைக்கிள்ல வர்றதா சொல்லியிருக்கானுங்க. ஒருத்தனுக்கு முட்டி வலி, இன்னொருத்தனுக்கு வெறும் சோம்பேறித்தனம். வந்தா கோட்டுக்குக் கீழ மூணு பேர் இருப்போம். சார்ஜரை மட்டும் சேந்தமங்கலத்துலயே விட்டுட்டு வரணும்.