திண்ணையில் வைத்த அறுந்த கயிறு

"பூச்சிவிரட்டியைக் கடையில் வாங்காமல் நாமே தயாரித்தால் செலவு மிச்சமாகுமா?" இந்த மாதிரிக் கேள்வி நம் இதழின் கேள்வி-பதில் பகுதியில் அடிக்கடி வரும். படிக்கும்போதெல்லாம் எனக்கு என் தூண்டில் கதைதான் நினைவுக்கு வரும். மிச்சமாகும், சந்தேகமில்லை. ஆனால், அந்த மிச்சத்துக்குள் ஒரு வேலை ஒளிந்திருக்கிறது. அதைச் செய்யாமல் விட்டதால் நான் பட்டதை எழுதுகிறேன். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு நேரடியாக உதவும். மற்றவர்களுக்கும் உதவலாம்.

எங்கள் ஊர் சாயல்குடி பக்கம். எனக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி முண்டு மிளகாய் போடுவோம். தை பிறந்தால் பழம் எடுப்பு. மழை ஏமாற்றிய வருஷங்களில் அடுப்பு எரிவது கடலால்தான். மச்சினனும் நானும் பங்கு போட்டு வாங்கிய ஃபைபர் வள்ளம் இருக்கிறது. வலை கிடையாது, கைத்தூண்டில் மட்டும்தான்.

நான்கு வருஷத்துக்கு முன்பு, பொழுதுபோக்குக்காக மீன் பிடிக்கும் மதுரைக்காரர் ஒருவர் எங்கள் வள்ளத்தில் வந்தார். போகும்போது ஒரு 'ஜிக்'கைக் கொடுத்துவிட்டுப் போனார். ஜிக் என்பது மீன் வடிவத்தில் வார்த்த ஈயத் துண்டு. அதை அடிமட்டம் வரை இறக்கி, வெட்டி வெட்டி இழுத்தால் அடிபட்ட சாளை மாதிரித் துடிக்கும். பாறையும் களவாவும் பாய்ந்து வந்து அடிக்கும். இரை வாங்க வேண்டியதில்லை என்பதால் எங்களுக்கு அது பிடித்துப்போனது.

இந்த ஜிக்கில் சூட்சுமமே முள்தான். வாலில் மூன்று கிளை முள்ளை மாட்டினால், அடியில் இறங்கியதும் முதலில் கல்லைத்தான் பிடிக்கும். தங்கூஸ் அறும், ஜிக் போகும். மீனே மாட்டினாலும், அது தலையை உதறும்போது ஈயத்தின் கனமே முள்ளை நெம்பிக் கழற்றிவிடும். இதற்கு ஜப்பான்காரர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். ஜிக்கின் தலைப்பக்க வளையத்தில், ஒரு சிறு கயிற்றில் ஒற்றை முள்ளைத் தொங்கவிடுகிறார்கள். பெரிய மீன் பெரும்பாலும் இரையின் தலையைப் பார்த்துத்தான் அடிக்கும். முள்ளும் அங்கேயே இருக்கும். கயிறு வளைந்து கொடுப்பதால் மீனால் நெம்ப முடியாது. 'அசிஸ்ட் ஹூக்' என்பது இதன் பெயர். நானும் மச்சினனும் 'தொங்குமுள்' என்று வைத்துக்கொண்டோம்.

கடையில் ஒரு ஜோடி 200 ரூபாய்க்கு மேல். கடலுக்குப் போனால் வாரத்துக்கு இரண்டு ஜோடியாவது போகும். முள், கயிறு, வளையம் தனித்தனியாக வாங்கி நாமே கட்டினால் 60 ரூபாய்க்குள் முடிந்துவிடும். கணக்குப் போட்டேன், உட்கார்ந்துவிட்டேன்.

கட்டும் முறை

கயிறு சாதாரணக் கயிறு அல்ல. உள்ளே குழாய் போல வெற்றிடம் உள்ள பின்னல் கயிறு. ஒரு முனையை இணைப்பில்லாத வளையத்துக்குள் விட்டு, நீண்ட ஊசியால் அதே கயிற்றின் வயிற்றுக்குள் செருகி இழுக்க வேண்டும். வளையத்தைச் சுற்றி ஒரு கண்ணி விழும். பாரம் ஏற ஏற, உள்ளே போன முனையை வெளிப்பின்னல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

மறுமுனையில், முள்ளின் காதைக் கயிற்றின் வெற்றிடத்துக்குள் நுழைத்து, தண்டில் பாதி வரை கயிற்றை ஏற்ற வேண்டும். பிறகு காதுக்குக் கீழே கெட்டி நூலால் வரிவரியாக, இடைவெளி இல்லாமல் சுற்ற வேண்டும். காது தடுப்பாக நிற்பதால் கயிறு நழுவாது. சுற்றிய நூலின் மேல் மட்டும் ஒரு சொட்டு ஒட்டுப்பசை. அது கயிற்றில் வழிந்தால் அந்த இடம் குச்சி போல விறைத்துவிடும். கடைசியாக, எலக்ட்ரீஷியன்கள் வயர் இணைப்புக்குப் போடும் கறுப்புச் சுருங்குகுழாயை மேலே போர்த்திச் சூடு காட்டினால் கவ்விக்கொள்ளும்.

அளவு முக்கியம். முள் ஜிக்கின் பாதி நீளத்தைத் தாண்டித் தொங்கக் கூடாது. தாண்டினால் வாலில் போய்ச் சிக்கும். முள்ளின் வாய் ஜிக்கின் அகலத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். சிறிதாக இருந்தால் முள் ஈயத்தைத்தான் கவ்வும், மீனை அல்ல.

ஒரு மாதத்தில் கை பழகிவிட்டது. பார்த்தால் கடைச்சரக்கு மாதிரியே இருந்தது. பக்கத்து வள்ளக்காரர்கள் கேட்டார்கள். ஒன்று 80 ரூபாய் என்று கொடுத்தேன். மாமா முறையுள்ள ஒரு பெரியவர் ஆறு வாங்கினார். பேத்திக்கு நர்சிங் கட்டணம் கட்ட வேண்டும் என்று அந்த மாசம் அவர் ஒரு நாள் விடாமல் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். மடியிலிருந்து ஒரு தாள் பொட்டலத்தை எடுத்துத் திண்ணையில் வைத்தார். உள்ளே ஒரு வளையமும் இரண்டு விரற்கடைக் கயிறும் மட்டும் இருந்தன. முள் இல்லை.

"நல்ல பாறை மாப்ள. மேல வரைக்கும் கொண்டாந்துட்டேன். வெள்ளையாத் தெரிஞ்சுது. அப்பதான் போச்சு."

"முடிச்சு விட்டுருச்சா மாமா?"

"முடிச்சு விடல. கயிறு வெந்து போயிருக்கு. தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். அறுந்த முனை இழை இழையாகப் பிரியவில்லை. மணி மாதிரி கெட்டியாக உருண்டு இருந்தது. சுருங்குகுழாய்க்கு நான் காட்டிய சூடு சிகரெட் லைட்டர் நெருப்பு. அந்தக் கயிறு பாலித்தீன் இழை. சுமார் 145 டிகிரியிலேயே உருகிவிடும். லைட்டர் நெருப்போ ஆயிரம் டிகிரிக்கும் மேல். குழாய் அழகாகச் சுருங்கிக்கொண்டது. அதற்குள்ளே கயிறு வெந்தது என் கண்ணுக்குத் தெரியவில்லை. தவறை நானே செய்து, நானே கறுப்புப் போர்வை போட்டு மூடியிருக்கிறேன்.

மாமா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்துபோனார். என் மனைவி கேட்டாள்: "எத்தனை பேருக்குக் குடுத்துருக்கீங்க?" அந்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக, கொடுத்த எல்லாரிடமும் போய்த் திரும்ப வாங்கினேன். வீட்டில் இருந்ததையும் சேர்த்து 14 வந்தது. பூவரச மரத்தின் இரண்டு கிளைக்குக் குறுக்கே கடப்பாரையை வைத்துக் கட்டி, அதில் முள்ளை மாட்டினேன். வளையத்தில் கயிறு கட்டி, 20 லிட்டர் தண்ணீர் கேனை நிரப்பித் தொங்கவிட்டேன். நிறைத்தால் 20 கிலோ. 14-ல் ஐந்து அறுந்தது. இரண்டு தொங்கவிட்ட உடனேயே போனது. அந்த ஐந்தையும் கையில் வைத்துப் பார்த்தால், மற்ற ஒன்பதுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது.

இப்போது செய்வது

லைட்டரை விட்டுவிட்டேன். அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, முள்ளின் தண்டை இடுக்கியால் பிடித்து, குழாய் போட்ட பக்கத்தை முக்கி எடுக்கிறேன். கொதிநீர் 100 டிகிரிக்கு மேல் போகாது, கயிறு தப்பிக்கும். எல்லாச் சுருங்குகுழாயும் இந்தச் சூட்டுக்குச் சுருங்காது. வாங்கும்போதே ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும்.

கட்டிய ஒவ்வொரு முள்ளும் பத்து நிமிடம் கேனைச் சுமக்க வேண்டும். அப்போது பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். முகத்தை நேரே வைக்காதீர்கள், கேனுக்கு அடியில் காலும் வேண்டாம். இறக்கியபின் முள்ளின் வாய் விரிந்திருந்தால் அதையும் ஒதுக்கிவிட வேண்டும். கடலுக்குப் போய்வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்து, கயிறு நைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கெவ்லார் கயிறு நெருப்பில் உருகாது. ஆனால், வெயில் அதன் பலத்தைத் தின்றுவிடும். அதை வள்ளத்தில் காயப்போட்டு வைக்கக் கூடாது.

கழித்த முள்ளைக் கரையில் எறியாதீர்கள். வெறுங்காலோடு நடக்கிறவர்கள் நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும்தான். நான் ஒரு தகர டப்பாவில் சேர்த்துப் பழைய இரும்புக்காரரிடம் போடுகிறேன்.

மாமாவிடம் ஆறு முள்ளுக்கான 480 ரூபாயைக் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கவில்லை. "தொங்கவிட்டுப் பாத்ததுல ஆறு குடு, போதும்" என்றார். கொடுத்தேன். பேத்தியின் கட்டணத்துக்கு அந்த மாசம் அவர் வட்டிக்கு வாங்கினார் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த ஒரு மீன் இருந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டார் என்று நான் சொல்ல முடியாது. வாங்கியிருப்பார் என்றும் சொல்ல முடியாது.

தொங்குமுள்ளோ, பூச்சிவிரட்டியோ, விதை நேர்த்தியோ, நாமே செய்தால் செலவு குறையும். கடைக்காரர் வாங்கும் காசில் சோதித்துப் பார்க்கும் கூலியும் சேர்ந்திருக்கிறது. நாம் செய்யும்போது அந்த வேலையும் நம்முடையதுதான். நம் வயலில் ஒரு பாத்தியில் தெளித்துப் பார்க்காத கரைசலைப் பக்கத்துக் காட்டுக்காரருக்குக் கொடுக்காதீர்கள். நான் இப்போது கேனைத் தூக்காத முள்ளை யாருக்கும் கொடுப்பதில்லை.