விளக்கேற்றிய ஃபக்கீர்

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்குப் போயிருந்தபோது, டீக்கடையில் ஒரு பெரியவரிடம் பேச்சுக்கொடுத்தேன். ‘‘பூர்வீகம் எதுங்கய்யா?’’

‘‘காஞ்சிபுரம்’’ என்றார், நேற்றுதான் பஸ் ஏறி வந்த மாதிரி. அங்கே மலையாளிகள் என்கிற பழங்குடியினர் (கேரளாவோடு சம்பந்தம் இல்லை) பரம்பரையாகச் சொல்லும் கதை இது. புனித நகரங்களுக்குப் போகிறவர்களைப் பற்றித்தான் நாம் படிக்கிறோம். விட்டுப் போனவர்களைப் பற்றி?

1099 ஜூலையில் சிலுவைப் போர் வீரர்கள் ஜெருசலேமைப் பிடித்தார்கள். உள்ளே இருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் பெரும்பாலும் கொன்றுவிட்டார்கள். மிச்சம் பேர் அங்கே குடியிருக்கக் கூடாது என்று தடை. ஜெயித்தாச்சு. ஆனால், ஊரில் ஆள் இல்லை! ஒரே ஒரு தெருவை நிரப்பக்கூட ஜனம் போதவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார், அந்த நாட்டிலேயே பிறந்த பிஷப் வில்லியம். கடைசியில் மன்னர் பால்ட்வின், ஜோர்டான் நதிக்கு அப்பாலிருந்து சிரியக் கிறிஸ்துவர்களைக் கூட்டி வந்து குடிவைத்தார். பிறகு யாத்ரீகர்கள் குவிந்தார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போட்ட கடைத்தெருவுக்கு ‘மோசமான சமையல் தெரு’ என்றே பெயர். கோயில் வாசல் ஓட்டல்கள் எந்த நூற்றாண்டிலும் மாறுவதில்லை போலிருக்கிறது.

நம்ம மயிலாப்பூருக்கு வருவோம். 1516 வாக்கில் எழுதிய துவார்த் பார்போசா என்ற போர்ச்சுகீசியர், புனித தோமா கல்லறையை ஓர் ஏழை முஸ்லிம் ஃபக்கீர் பார்த்துக்கொண்டதாகச் சொல்கிறார். விளக்கு எண்ணெய்க்கு அவரே பிச்சை எடுப்பாராம். கிறிஸ்துவப் புனிதருக்கு முஸ்லிம் ஏற்றிய விளக்கு, சுற்றிலும் விஜயநகர ராஜ்ஜியம். யாரும் இதற்கு மாநாடு போடவில்லை, சார்.

1523-ல் போர்ச்சுகீசியர்கள் கல்லறையைத் தோண்டினார்கள். தேவாலயம் எழும்பியது, சாந்தோம் நகரம் வளர்ந்தது. கோவாவின் பிடிக்குள் அடங்காத வியாபாரிகளும் மாஜி சிப்பாய்களும் குடியேறினார்கள். அருணகிரிநாதர் பாட்டில் கடலோரம் இருக்கிற கபாலி கோயில் அதற்கப்புறம் அங்கே இல்லை. சாந்தோமில் தோண்டியபோது சோழர் காலக் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்தன. கோயில்களை இடிக்கிறார்கள் என்று புகார் போய், 1559 வாக்கில் ராமராயர் படையோடு வந்தார் என்கிறார்கள். ஒரு லட்சம் வராகன் கேட்டு, ஊர்ப் பெரியவர்களைப் பிணையாகக் கூட்டிப் போனார். தேவாலயத்தை இடிக்கவில்லை. பழிக்குப் பழி என்று கிளம்பாமல் வசூலோடு நிறுத்திக்கொண்ட அந்தக் காரியக்காரரை எனக்குப் பிடித்திருக்கிறது.

கபாலீஸ்வரர் இப்போதைய இடத்துக்கு வந்து சுமார் முந்நூறு வருஷம் ஆகிறது. சாந்தோம் தேவாலயத்திலிருந்து நடந்தே போகலாம். இருபது நிமிஷம். அறுபத்துமூவர் அன்று மட்டும் ஒரு மணி நேரம் ஆகும்.